கண்ணாடிக்குள் படிகத்தைப் பத்திரமாக உட்கார வைப்பது எப்படி

என் சித்தப்பா கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிறவர். வெல்லப்பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, தட்டில் போடுவார். 'டங்' என்று சத்தம் கேட்டால்தான் கடலையைக் கொட்டுவார். அந்தக் கடலை முன்கூட்டியே வறுத்து, தோல் நீக்கி, காற்றுப் புகாமல் மூடி வைத்ததாக இருக்கும். "எல்லாரும் பாகைப் பத்தியே பேசுவாங்க. கடலை நமுத்துப் போயிருந்தா பாகு என்னம்மா செய்யும்?" என்பார்.

பிரிஸ்பேனில் ஒரு ஆய்வகத்தில் குழாய் உலைக்கு முன்னால் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் செய்வதும் ஒரு வகையில் கடலை மிட்டாய்தான். துளைகள் நிறைந்த படிகத் துகள்களை, அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருள் உருகி இறுகிய கண்ணாடிக்குள் பதிக்க வேண்டும். துளைகளும் உயிரோடு இருக்க வேண்டும், கையில் எடுக்கிற மாதிரி ஒரே கட்டியாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது உலையின் வெப்பநிலையைத்தான். அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: 450 டிகிரி செல்சியஸ், 15 நிமிடம், ஆர்கான். ஆனால் பெல்லட், அதாவது பொடியை அழுத்திச் செய்த வில்லை, நன்றாக வருமா வராதா என்பது அதற்கு நான்கு நாள் முன்னாலேயே, வெற்றிட அடுப்பில் முடிவாகிவிடுகிறது. இந்தக் குறிப்பில் அந்த நான்கு நாளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதற்காக இந்தப் பாடு

உலோக-கரிமச் சட்டகங்கள் என்பவற்றை ஆய்வகத்தில் 'மாஃப்' என்றே சொல்கிறோம். உலோக அயனிகள் முடிச்சு, கரிம மூலக்கூறுகள் முடிச்சுகளை இணைக்கும் கம்பு. இப்படிக் கட்டிய கூண்டுக்குள் வாயு மூலக்கூறுகள் புகுந்து தங்கும். 2025-இல் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் கிடைத்தது இதற்காகத்தான்.

குறை என்னவென்றால், இவை பெரும்பாலும் பொடியாகவே கிடைக்கின்றன. வாயு ஓடும் குழாயில் பொடியைக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும், இல்லை பறந்துவிடும். பசை சேர்த்துக் கட்டியாக்கினால் பசை துளைக்குள் போய்விடும். சூடாக்கினால் பெரும்பாலான மாஃப்கள் உருகுவதற்கு முன்பே சிதைந்துவிடுகின்றன.

விதிவிலக்காகச் சில உருகுகின்றன. துத்தநாகத்தை இமிடசோல் வளையங்களால் இணைக்கும் 'சிஃப்' வகையில் சிஃப்-4 சுமார் 590 டிகிரியில் உருகும். குளிர்ந்தால் படிகமாகத் திரும்பாமல் கண்ணாடியாகவே நின்றுவிடும். 2015-இல் தாமஸ் பென்னட், யுவான்செங் யூ ஆகியோரும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். பாகு இருக்கிறதென்றால் கடலையைச் சேர்க்கலாமே! 2019-இல் பென்னட், ஜிங்வேய் ஹூ உள்ளிட்ட குழுவினர் சிஃப்-62 கண்ணாடிக்குள் மில்-53 என்ற அலுமினியப் படிகத்தைப் பதித்துக் காட்டினார்கள். இன்றைக்கும் புதியவர்கள் கை பழக இந்த ஜோடியையே கொடுக்கிறேன். இதில் கோணல் எங்கே வந்தது என்று கண்டுபிடிப்பது எளிது.

ஜோடிப் பொருத்தம்

வேறு ஜோடி வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இரண்டு பொருத்தம் பார்க்க வேண்டும். முதலாவது வெப்பநிலை. பாகாக இருக்கப்போவது உருகும் வெப்பநிலையில், உள்ளே இருக்கப்போகும் படிகம் சிதையாமல் நிற்க வேண்டும். சிஃப்-62 உருகுவது சுமார் 437 டிகிரியில். மில்-53 500 டிகிரி வரை அசையாது. நடுவில் அறுபது டிகிரி இடைவெளி, அது தாராளம். எச்.கே.யு.எஸ்.டி-1 என்ற அழகான நீலத் தாமிர மாஃப் மீது பலருக்கும் கண் போகும். அது 350 டிகிரிக்குள்ளேயே சிதைந்துவிடும். அதை இதில் போடுவது கொதிக்கும் பாகில் பச்சைக் கொத்தமல்லியைப் போடுவது போல.

இரண்டாவது பொருத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. உருகிய திரவம் படிகத்தைக் கரைத்துவிடக் கூடாது. சிஃப்-8 வெப்பத்தைத் தாங்கும், சரி. ஆனால் அதுவும் துத்தநாகம், அதிலும் இமிடசோல் வகை வளையம். சிஃப் உருகும்போது துத்தநாகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்புகள் அறுந்து அறுந்து வேறு துணையோடு சேர்கின்றன. பக்கத்தில் அதே வகைப் பிணைப்புள்ள படிகம் இருந்தால் அதையும் இழுத்துக்கொள்ளும். வெல்லப்பாகில் இன்னொரு வெல்லக்கட்டியைப் போட்டால் கட்டி மிஞ்சுமா? மில்-53-இல் இருப்பது அலுமினியமும் ஆக்சிஜனும். சிஃப் திரவத்துக்கு அதில் பிடி கிடைப்பதில்லை.

சிஃப்-62-ஐப் பாகாக எடுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது 437-இல் உருகுகிறது, கண்ணாடியாக இளகத் தொடங்குவது 318-இல். இரண்டையும் கெல்வினில் மாற்றி வகுத்தால் 591-க்கு 710, அதாவது 0.83. சாதாரணக் கண்ணாடிகளில் இந்த எண் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி இருக்கும். எண் பெரிதானால் குளிரும்போது மீண்டும் படிகமாகும் ஆபத்து குறைவு. அதனால்தான் நிமிடத்துக்குப் பத்து டிகிரி என்று நிதானமாக ஆற்றினாலும் கண்ணாடி கிடைக்கிறது. பனிக்கட்டியில் முக்க வேண்டியதில்லை.

பாகுக்கு உண்டான படிகம்

சிஃப்-62 செய்ய எங்கள் அளவு இது. ஜிங்க் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 1.65 கிராம், இமிடசோல் 8.91 கிராம், பென்சிமிடசோல் 1.55 கிராம், டி.எம்.எஃப் என்ற கரைப்பான் 75 மி.லி. எல்லாம் கரைந்து தெளியும்வரை ஒரு மணி நேரம் கலக்கி, டெஃப்லான் உறை போட்ட ஆட்டோக்ளேவில் (அழுத்தம் தாங்கும் எஃகுக் கலன்) மூடி, 130 டிகிரியில் 48 மணி நேரம். டி.எம்.எஃப், இமிடசோல் இரண்டுமே கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள், கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

இரண்டு இமிடசோல்களும் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் போகின்றன. படிகத்தில் வந்து சேர்வது ஏழுக்கு ஒன்று. பென்சிமிடசோல் தன் பங்குக்கு மேலாகவே உள்ளே ஏறிக்கொள்கிறது. அந்த விகிதம் முக்கியம். பென்சிமிடசோல் குறையக் குறைய உருகுநிலை 370 டிகிரி வரை இறங்கும் என்று ஜெர்மனியின் டார்ட்மண்டில் செபாஸ்டியன் ஹெங்கே குழு காட்டியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் துளி எடுத்து அமிலத்தில் கரைத்து, எந்த மூலக்கூறு எவ்வளவு என்று காட்டும் என்.எம்.ஆர் பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்காமல் போன மாதச் சமையலின் உருகுநிலையை இந்த மாதச் சமையலுக்கு வைத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள்.

ஆறியபின் திறந்தால் அடியில் வெள்ளைப் படிகங்கள் இருக்கும். விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் உப்புப் பரல் மாதிரி மினுங்கும். வடிகட்டி, புது டி.எம்.எஃப்-இல் மூன்று முறை கழுவி, பிறகு டைகுளோரோமீத்தேனில் ஒரு நாள் ஊற வைத்து, நடுவில் இரண்டு முறை மாற்றுங்கள். துத்தநாகக் கணக்குப்படி 1.18 கிராம் கிடைக்க வேண்டும். எனக்கு ஒரு கிராமை ஒட்டி வரும்.

உலர்த்துவது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

படிகம் பார்வைக்கு உலர்ந்த மாவு மாதிரி இருக்கும். கரண்டியில் ஒட்டாது, உதறினால் தூசியாகப் பறக்கும். ஆனால் துளைக்குள் டி.எம்.எஃப் குந்தியிருக்கும். டி.எம்.எஃப் 153 டிகிரியில் கொதிப்பது. ஆனாலும் கூண்டுக்குள் அகப்பட்டால் அந்த வெப்பநிலையில் வெளியே வராது, ரொம்பப் பிடிவாதம். அதை டைகுளோரோமீத்தேனால் இடம் மாற்றுவதன் நோக்கமே சீக்கிரம் வெளியேறும் விருந்தாளியை உட்கார வைப்பதுதான். அப்படியும் மிச்சம் இருக்கும்.

முதல் வருடம் நான் 120 டிகிரியில் ஆறு மணி நேரம் வெற்றிடத்தில் வைத்துவிட்டு, போதும் என்று நினைத்தேன். பெல்லட் உலையிலிருந்து பூரி மாதிரி உப்பி வெளியே வந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கக் குமிழி, ஒவ்வொன்றும் கடுகு அளவு. அடுத்த இரண்டு சமையலும் அப்படியே. வெப்பநிலையை மாற்றிப் பார்த்தேன், வேகத்தை மாற்றிப் பார்த்தேன், பெல்லட் அழுத்தத்தை மாற்றிப் பார்த்தேன். மூன்று வாரம் போனது. கடைசியில் பொடியை எடைகுறைவு அளக்கும் கருவியில் வைத்தபோது 400 டிகிரிக்குள் எடை 9 சதவீதம் இறங்கியது. அவ்வளவும் கரைப்பான்! திரவம் உருகிக் கெட்டியாக நிற்கும் நேரத்தில் அந்த ஆவி வெளியேற வழி தேடியிருக்கிறது.

அன்றிலிருந்து என் முறை இது. டைகுளோரோமீத்தேனை வடித்தபின் ஓர் இரவு அறை வெப்பநிலையில் வெற்றிடம். பிறகு மூன்று மணி நேரத்தில் மெதுவாக 175 டிகிரிக்கு ஏற்றி, அங்கே 24 மணி நேரம். எடுத்தவுடன் பத்து மில்லிகிராம் பொடியை எடைகுறைவுக் கருவியில் ஆர்கானில் 400 வரை ஓட்டுவேன். ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மறுபடியும் அடுப்புக்குப் போகும். எவ்வளவு அவசரமானாலும் இந்த வரம்பை நான் தளர்த்துவதில்லை.

அதே பொடியை டி.எஸ்.சி-யில் (சூடாக்கும்போது பொருள் எவ்வளவு வெப்பம் வாங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கருவி) இரண்டு சுற்று ஓட்டிவிடுங்கள். முதல் சுற்றில் 437-ஐ ஒட்டி ஒரு பள்ளம் தெரிய வேண்டும், அது உருகுதல். ஆறவிட்டு மறுபடி ஏற்றினால் அந்தப் பள்ளம் இருக்கக் கூடாது. அதற்குப் பதில் 318-ஐ ஒட்டிக் கோடு ஒரு சின்னப் படி இறங்கும். அந்தப் படிதான் நமக்கு 'டங்' சத்தம். அது தெரிந்தால் உங்கள் பாகு கண்ணாடியாகிறது என்று அர்த்தம்.

கடலை

மில்-53-ஐ நீங்களே செய்யலாம். அலுமினியம் நைட்ரேட், டெரிப்தாலிக் அமிலம், தண்ணீர், 220 டிகிரியில் மூன்று நாள். பெயரில் உள்ள 'மில்' பிரான்சின் வெர்சாயில் உள்ள லவாசியே நிறுவனத்தைக் குறிப்பது, ஜெரார் ஃபெரேயின் குழு அங்கே உருவாக்கியது. கடையிலும் கிடைக்கும், பேசோலைட் ஏ100 என்ற பெயரில். முதல் தடவைக்குக் கடைச்சரக்கே போதும் என்பது என் எண்ணம். உங்கள் கவனம் முழுவதும் சிஃப்-62 மேல் இருக்கட்டும்.

வீட்டில் செய்த மில்-53-இன் துளைக்குள் வினைபுரியாத டெரிப்தாலிக் அமிலம் அடைத்திருக்கும். அதை 330 டிகிரியில் மூன்று நாள் காற்றில் வறுத்து வெளியேற்ற வேண்டும். வறுக்காமல் போட்டால் அந்த அமிலம் உருகும் கண்ணாடிக்குள் வெளியேறும். குமிழியும் வரும், கண்ணாடியும் கெடும்.

இந்தப் படிகத்துக்கு ஒரு வினோத குணம் உண்டு. அதனால்தான் இந்தக் கலவையே சுவாரசியமாகிறது. சூடாக, உலர்வாக இருக்கும்போது இதன் துளைகள் சாய்சதுர வடிவில் அகலத் திறந்திருக்கும். ஆறி, காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் தண்ணீர் உள்ளே போய்ச் சுவர்களைப் பிடித்து இழுத்துத் துளையை நசுக்கிவிடும். படிகத்தின் அலகுக் கூடு 1412 கன ஆங்ஸ்ட்ராமிலிருந்து 947-க்கு வந்துவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு சுருக்கம். சாதாரணமாகப் பாட்டிலைத் திறந்து வைத்தாலே இது நடக்கும். பிரிஸ்பேனில் ஜனவரி, பிப்ரவரியில் காற்றே நசநசவென்று இருக்கும்; பொடியைத் தட்டில் கொட்டி எடை போடும் நேரத்திலேயே எண் ஏறிக்கொண்டு போகும்.

அதனால் எடை போடுவதில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. ஈரம் ஏறிய மில்-53-இல் ஓர் அலுமினியத்துக்கு ஒரு தண்ணீர் என்று வைத்தாலும், எடையில் 8 சதவீதம் தண்ணீர். 50 மில்லிகிராம் எடுத்தோம் என்று நோட்டில் எழுதினால், அதில் 4 மில்லிகிராம் வெறும் தண்ணீர். 150 டிகிரியில் சூடாக்கி, உலர்ந்த குடுவைக்குள் ஆறவைத்து, மூடியோடு எடை போடுங்கள்.

கலப்பதும் அழுத்துவதும்

முதல் பெல்லட்டுக்கு 150 மில்லிகிராம் சிஃப்-62, 50 மில்லிகிராம் மில்-53. நாலில் ஒரு பங்கு கடலை. இரண்டையும் பால் மில்லில் ஏழு மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றைப் போட்டு அரைக்கிறேன். ஐந்து நிமிடம், நிறுத்து, ஆறவிடு, மறுபடி ஐந்து நிமிடம். சீராகக் கலந்தால் போதும், நைசாக அரைக்க வேண்டியதில்லை. மாஃப்கள் அடி தாங்காதவை. நீண்ட நேரம் அரைத்தால் படிகமே ஒழுங்கிழந்து போகும். சிஃப்-62-க்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, எப்படியும் உருகப்போவதுதான். மில்-53 உடைந்தால் எதைக் காப்பாற்ற இந்த வேலையெல்லாம்? அரைத்தபின் கொஞ்சம் பொடியை எக்ஸ்.ஆர்.டி-யில் (எக்ஸ் கதிரால் படிக ஒழுங்கைக் காட்டும் கருவி) வைத்து, மில்-53-இன் கூர்முனைகள் அப்படியே நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

13 மில்லிமீட்டர் அச்சில் போட்டு 10 டன் அழுத்தம், ஒரு நிமிடம். அந்த அச்சின் பரப்புக்கு அது 0.74 கிகாபாஸ்கல். இவ்வளவு அழுத்துவானேன் என்று கேட்பார்கள். சிஃப்-62 உருகினால் தண்ணீர் மாதிரி ஓடாது. உருகுநிலையில் அதன் பாகுத்தன்மை ஒரு லட்சம் பாஸ்கல்-நொடி அளவில் இருக்கிறது. தேன் சுமார் பத்து. தேனைவிடப் பத்தாயிரம் மடங்கு கெட்டி என்றால், அது தானாக ஓடி இடைவெளிகளை நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. துகளும் துகளும் ஏற்கெனவே ஒட்டி நின்றால்தான் பதினைந்து நிமிடத்தில் பரவி மூடும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பெல்லட் உருகினாலும் தன் வட்ட வடிவை விடாது.

உலை

பெல்லட்டை அலுமினாப் படகில் வைத்துக் குழாயின் நடுவே தள்ளுங்கள். உலையின் திரையில் தெரிவது உலைச் சுவரின் வெப்பநிலை. பெல்லட் இருக்கும் இடத்தின் வெப்பநிலை வேறு. வெறும் படகோடு ஒரு தடவை ஓட்டி, தனி வெப்ப இணையால் (தெர்மோகப்பிள்) நடு இடத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் உலையில் 12 டிகிரி வித்தியாசம் இருந்தது. உருகுநிலைக்கு மேல் 13 டிகிரிதான் வைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால், அந்த 12 எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

ஆர்கானைச் சூடாக்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். நிமிடத்துக்குப் பத்து டிகிரி வீதம் 200 வரை ஏற்றி, அங்கே ஒரு மணி நேரம் நிறுத்துகிறேன். வழியில் ஏறிய ஈரம் அங்கே போய்விடும். பிறகு அதே வேகத்தில் 450. பதினைந்து நிமிடம். உலையை அணைத்துவிட்டு, ஆர்கான் ஓட ஓட, 60 டிகிரிக்குக் கீழே வரும்வரை திறக்காதீர்கள். ஒரு முறை குழாய் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பெல்லட் கருகிய தோசை நிறத்தில் வந்தது. மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே புகுந்த ஆக்சிஜன் கரிமப் பகுதியை எரித்து, துத்தநாக ஆக்சைடை மிச்சம் வைத்திருந்தது. இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் வளையத்தைக் கையால் தடவிப் பார்க்கிறேன்.

வெப்பம் தாங்காத படிகத்தைப் பதிக்க வேண்டியிருந்தால் ஒரு சுற்றுவழி உண்டு. முதலில் சிஃப்-62-ஐத் தனியாக உருக்கிக் கண்ணாடியாக்கி, அந்தக் கண்ணாடியைப் பொடித்து, அந்தப் பொடியோடு கலந்து அழுத்தினால், உருகுநிலை வரை போகாமல் 318-க்குச் சற்று மேலேயே இளக வைத்து ஒட்ட வைக்கலாம். 2021-இல் ஹூவின் குழு சீசியம் ஈய அயோடைடை இந்தக் கண்ணாடிப் பொடியோடு சூடாக்கிப் பதித்தது. அறை வெப்பநிலையில் மஞ்சளாக மாறிப் பயனற்றுப் போகும் அந்தப் பொருள், கண்ணாடிக்குள் தன் உயர்வெப்பக் கறுப்பு வடிவத்திலேயே நின்று ஒளி வீசியது.

வந்ததைப் படிப்பது

நல்ல பெல்லட்டை முதலில் கண்ணே சொல்லிவிடும். வெள்ளையாகப் போனது இளம் தேன் நிறமாக வரும். மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இல்லாமல் விளக்கைத் திருப்பிக் காட்டும். உருப்பெருக்கியில் விளிம்பைப் பாருங்கள். அச்சில் இருந்து வந்தபோது கத்திமுனை மாதிரி இருந்த ஓரம், உருகியதால் மெல்ல உருண்டிருக்கும். அந்த உருட்சி தெரிந்தால் பாதி நிம்மதி.

மீதி நிம்மதி எக்ஸ்.ஆர்.டி-யில். தாமிரக் கதிரில் சிஃப்-62-இன் கூர்முனைகள் எல்லாம் மறைந்து ஓர் அகன்ற மேடு மட்டும் நிற்க வேண்டும். அந்த மேட்டின் மேல் 8.7 டிகிரி கோணத்தில் ஒரு கூர்முனை. அது மில்-53-இன் திறந்த துளையின் கையெழுத்து. துளை மூடிய வடிவத்துக்கு 9.35-இலும் 12.5-இலும் முனைகள் வரும். 12.5 இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். திறந்த வடிவத்துக்கு அங்கே பேசும்படியாக ஒன்றுமில்லை, ஆகவே அங்கே ஏதாவது தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம்.

போன வருடம் திருச்சியிலிருந்து வந்த மாணவன் ஒருவன், துளை அதிகம் வேண்டும் என்று 70 சதவீதம் மில்-53 போட்டான். முதல் நாள் 8.7 அழகாக இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கணினி முன்னால் இருந்து கூப்பிட்டான்.

"அக்கா, 8.7 பாதியாயிடுச்சு. 12.5-ல புதுசா ஒண்ணு வந்திருக்கு."

"பெல்லட்டை எங்கப்பா வெச்சிருந்த?"

"மேசை மேலதான். போன பெல்லட்டையும் அங்கதான்க்கா வெச்சேன், அதுக்கு ஒண்ணும் ஆகலையே."

போன பெல்லட்டில் கண்ணாடி முக்கால் பங்கு. ஒவ்வொரு படிகத்தையும் சுற்றிப் பிடிக்கப் போதுமான பாகு இருந்தது. சுருங்க இடமில்லாமல் துளை திறந்தே நின்றது. 70-க்கு 30 என்று போகும்போது பாகு எல்லாக் கடலைக்கும் எட்டுவதில்லை. மூடப்படாத படிகங்கள் காற்றைக் குடித்துச் சுருங்கின. இருவரும் பெல்லட்டை உடைத்து மின்னணு உருப்பெருக்கியில் அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் தனித்தனி நிறம் கொடுத்துப் பார்த்தோம். அலுமினியத் திட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஓரம் வரை போயிருந்தன, நடுவே கறுப்பு இடைவெளிகள். நான் பாதிக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அவன் இப்போது 40-இல் வேலை செய்கிறான்.

வாயு அளவீட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. வழக்கம் போல 77 கெல்வினில் நைட்ரஜனை விட்டு, ஒன்றும் உள்ளே போகவில்லை, துளையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணாடியின் துளைகள் மிகக் குறுகியவை, அவ்வளவு குளிரில் நைட்ரஜன் நுழையவே நாள்கணக்காகும். 273 கெல்வினில் கார்பன் டை ஆக்சைடை விடுங்கள். வெறும் சிஃப்-62 கண்ணாடியையும் பக்கத்திலேயே அளந்து வையுங்கள், ஒப்பிடாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. துளை திறந்த நிலையில் பிடிபட்டிருந்தால் கலவையின் கோடு வெறும் கண்ணாடியின் கோட்டைவிடத் தெளிவாக மேலே போகும்.

உப்பின பெல்லட், கருகின பெல்லட், சுருங்கின பெல்லட் எதையும் எறியாதீர்கள். தேதி, சமையல் எண், உலர்த்திய மணி நேரம், எடைகுறைவு சதவீதம் நான்கையும் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். என் பெட்டியில் இப்போது 140-க்கு மேல் இருக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் நான் காட்டுவது அந்தப் பெட்டியைத்தான். நன்றாக வந்த ஒரு 25 சதவீதப் பெல்லட்டை மட்டும் பிப்ரவரி முதல் வாரத்தில் ஜன்னலோரம் திறந்தே வைத்தேன். வெளியே மழை, உள்ளே ஈரமானியில் 80-க்கு மேல். ஆறு வாரம் கழித்து எடுத்து எக்ஸ்.ஆர்.டி-யில் வைத்தேன். 12.5-இல் ஒன்றுமில்லை. 8.7 அதே இடத்தில் நின்றது.